பூவரசம் பிடி போட்ட வில்லுக்கத்தி

மகளே,

நீ அனுப்பிய கத்தி நேற்று மத்தியானம் கடைக்கு வந்து சேர்ந்தது. கடிதம் ஏதும் உள்ளே இருக்கும் என்று கடதாசிச் சுற்றை நன்றாகப் பிரித்து, உதறியும் பார்த்தேன். இல்லை. கொண்டுவந்தவர் உங்கள் பக்கம் மிளகாய் வாங்க வந்துபோகிற சைக்கிள் வியாபாரி. "அண்ணை, உங்கடை மோள் தந்துவிட்டது. ஆணி இளகிப்போச்சாம், இறுக்கித் தரட்டாம்" என்றார். வேறு ஏதும் சொன்னாளோ என்று கேட்டேன். "வேறையொண்டும் சொல்லேல்லை. நானும் கேக்கேல்லை" என்று சொல்லி, கத்தியை என் கையில் தராமல் பலகையில் வைத்தார். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் பகை வரும் என்று இங்கே எல்லோரும் செய்கிற வழக்கம்தான். உனக்கும் எனக்கும் நடுவில் இருக்கிற பகையே போதும் என்று அவர் நினைத்தாரோ என்னவோ.

நீ என் தங்கச்சியோடு, உன் மாமியோடு, வன்னிக்குப் போய் மூன்று மாதமாகிறது. வருகிற ஆவணியில் அங்கேயே, மாப்பிள்ளை வீட்டு வளவில், உனக்குக் கலியாணம். அதற்கு நான் வரமாட்டேன் என்று சொல்லித்தான் உன்னை அனுப்பினேன். நீ படலையில் நின்று, "அப்பா, நீங்கள் வராட்டி ஆர் தாரை வாக்கிறது?" என்று கேட்டாய். "உன்ரை மாமா இருக்கிறார்தானே. நான் வந்தால் கடையை ஆர் பாக்கிறது?" என்றேன். கடையைப் பார்க்க ஆள் இல்லாமல் அப்படிச் சொல்லவில்லை என்பது உனக்கும் தெரியும், பக்கத்தில் நின்ற அம்மாவுக்கும் தெரியும். அந்தக் கேள்விக்குத்தான் இப்போது பதில் எழுதுகிறேன். இதை நீ யாருக்கும் வாசித்துக் காட்டலாம். இந்தச் சந்தையில் பெண்பிள்ளையைப் பெற்று, வாயைக் கொடுத்து, பிறகு அந்த வாயை எப்படித் திருப்பி எடுப்பது என்று தெரியாமல் கடை திறந்து மூடுகிற அப்பாமார் இன்னும் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் உதவட்டும்.

நான் எதை விற்று ஆளானேன் என்பது உனக்குத் தெரியும். ஆனால் உன்னோடு வாழப்போகிறவனுக்குத் தெரியாது, ஆகையால் எழுதுகிறேன். சைக்கிள் காரியரில் ஒரு தகரப் பெட்டி, அதற்குள் விரித்து மடக்குகிற வில்லுக்கத்திகள். நீர்வேலி வாழைத்தோட்டங்களில் தொடங்கி வட்டுக்கோட்டை வயல்கள் வரைக்கும் மிதிப்பேன். பெரிய வேலைக்கு எல்லாரிடமும் கொடுவாக்கத்தி இருக்கும். ஆனால் நார் கிழிக்க, கயிறு அறுக்க, தடி சீவ, முள் எடுக்க, காட்டுக்குள்ளே போனால் கொடியை வெட்டி வழி எடுக்க, மத்தியானத்தில் அதே கத்தியைக் கழுவி மாங்காய் சீவ, மடக்கிச் சாரத்து மடியில் செருகிக்கொண்டு சைக்கிளில் ஏற, வில்லுக்கத்தியைப் போல ஒரு சாமான் இல்லை. விற்கும்போது நான் ஒரு விதி வைத்திருந்தேன். வாங்குகிறவர் முதலில் விரித்து மடக்கிப் பார்க்க வேண்டும். வில்லு இறுக்கமா, அலகு ஆடுகிறதா, பிடி கைக்குள் அடங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றக் கதை. பார்க்காமல் வாங்குகிறவனுக்கு விற்றால் அவன் மறுநாள் திரும்பி வருவான், வரும்போது தனியாக வரமாட்டான்.

சண்டையில் பாதை பூட்டுப்பட்டுக் கொழும்புச் சாமான் நின்றுபோன காலத்தில், நாங்களே கத்தி செய்யத் தொடங்கியதை நீ கண்ணால் கண்டாய். பல்கலைக்கழகம் திறப்பதும் மூடுவதுமாக இருந்ததால் நீ கடையில் வந்திருந்தாய். மர ஆலையில் உடைந்த வாள்களை வாங்கி, கடைக்குப் பின்னால் கொல்லுவேலை தெரிந்த செல்லத்துரையைப் பட்டறை போடச் சொன்னேன். வாளிரும்பில் அலகு, அதன் முதுகுத் துண்டில் வில்லு. எல்லாம் சரியாக வந்தது. பிடிக்கு என்ன மரம் என்றபோது நான் யோசிக்கவேயில்லை. பனை என்றேன். செல்லத்துரையும், "பனையெண்டால் ஆர் முதலாளி வேண்டாமெண்டு சொல்லுவினம்" என்றான். யாழ்ப்பாணத்தானுக்குப் பனையில் ஏலாதது ஒன்றும் இல்லை என்பது பிறக்கும்போதே காதில் ஓதி விடுகிற மந்திரம். கூரை பனை, வேலி பனை, பெட்டி பனை, தின்பது பனை. வைரம் பாய்ந்த கறுப்புக் கோடு போட்ட அந்தப் பிடியை எண்ணெய் பூசித் துடைத்து வைத்தால் நகைக்கடைச் சாமான் மாதிரி மின்னியது. வன்னிக்குப் போகிறவர்கள் வாங்கி வாங்கிப் போனார்கள்.

அந்த முறை மிளகாய் பழுத்த நேரம் நீயும் மாமி வீட்டுக்குப் போனாய், ஒரு கத்தியைப் பெட்டியில் இருந்து நீயே எடுத்துக்கொண்டாய். திரும்பி வந்தபோது வலக்கையில் துணி சுற்றியிருந்தாய். பனை, ஆணி போன இடத்தில் நெடுகப் பிளந்து, அலகு ஆடி, காட்டுக்கொடி வெட்டும்போது உன் விரலிலேயே மடங்கியிருந்தது. அதோடு உள்ளங்கை முழுக்கச் சிராம்பு. நீ வந்து செருப்பைக் கழற்றாமலே, "அப்பா, கூரையிலை கிடக்கிற மரத்தை ஆரும் கையாலை பொத்திப் பிடிச்சுக்கொண்டு வேலை செய்யிறேல்லை" என்றாய். திருப்பிக் கொண்டுவந்தவர்களுக்கெல்லாம் மாற்றிக் கொடுத்தேன். சந்தையில் ஒரு மாதம் என்னைப் பனைமுதலாளி என்று கூப்பிட்டார்கள்.

ஆனால் நீ கொண்டுவந்த கத்தியில் பனை இல்லை. மாமியின் அடுத்த காணிக்காரப் பெடியன் ஒருவன் பூவரசங்கட்டையில் புதுப் பிடி செதுக்கிப் போட்டிருந்தான். முதலில் செய்த பிடி அவன் கைக்குத்தான் சரியாக இருந்ததாம். அவன் இடக்கைக்காரன், விரல் பதிகிற பள்ளமெல்லாம் மறுபக்கம் விழுந்துவிட்டது. நீ, "உது உங்கடை கைக்கு. என்ரை கைக்கு இல்லை" என்று திருப்பிக் கொடுக்க, அவன் உன்னை வெறுங்கையால் ஒரு தடியைப் பிடிக்கச் சொல்லி, விரல்கள் எங்கே விழுகின்றன என்று பார்த்து, இரண்டாம் பிடி செதுக்கினானாம். இதை நீ சிரித்துச் சிரித்துச் சொன்னாய். அம்மா, நீ அவன் பெயரை எத்தனை தரம் சொல்லுகிறாய் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் கத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வீட்டில் இரண்டு பேர் ஒரே கதையைக் கேட்டு வேறு வேறு கணக்குப் போடுவது இப்படித்தான்.

என் கணக்கைச் சொல்லுகிறேன். மறுகிழமையே செல்லத்துரையிடம் அந்தப் பிடியை அப்படியே பார்த்து வெட்டச் சொன்னேன். பூவரசு எங்கள் வேலியெல்லாம் நிற்கிறது, வெட்டினால் தழைக்கிறது, வெடிக்காது, வழுக்காது, கையைக் குத்தாது. பெரிய பிடி ஒன்று, சின்னப் பிடி ஒன்று என்று இரண்டு அளவில் செய்தோம். சின்னப் பிடியைப் பெண்கள் கேட்டு வாங்கினார்கள். அதுவரை வில்லுக்கத்தி வாங்க ஒரு பெண் என் கடைப் படி ஏறியதில்லை. பனைமுதலாளி என்ற பெயரும் போயிற்று. அதைச் செதுக்கியவனுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. நல்ல சாமானைக் கண்டால் படி எடுப்பது வியாபாரம், அதில் நன்றிக்கு இடமில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

பிறகு சுவிசிலிருந்து அந்தச் சம்பந்தம் வந்தது. நல்ல குடும்பம், ஒரே ஊர், பெடியனுக்கு நிரந்தர விசா. படத்தில் பனிக்கு நடுவில் ஒரு காரில் சாய்ந்து நின்றான். நான் ஓம் சொல்லக் கிட்டத்தட்ட ஆயத்தமாகிவிட்டேன். இங்கே இருக்கிற நிலைமையில் பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டால் நிம்மதியாக நித்திரை கொள்ளலாம் என்று நினைக்காத தகப்பன் யார்? நீ படத்தைப் பார்த்தாய், மேசையில் கவிழ்த்து வைத்தாய்.

"அப்பா, கத்தி வாங்க வாற ஆளையே விரிச்சு மடக்கிப் பாக்காமல் போக விடமாட்டியள். நான் மட்டும் படத்தைப் பாத்து ஓமெண்டு சொல்லோணுமோ?"

"விசர்க் கதை கதையாதை. கத்தியெண்டால் பிழைச்சால் மாத்திக் குடுப்பன். புருசனை மாத்திக் குடுக்கேலுமே?"

"அதுக்குத்தானே சொல்லுறன். மாத்தேலாத சாமானை முதலே பாத்து எடுக்கோணும். நான் பாத்திட்டன்."

யாரைப் பார்த்தாய் என்று நான் கேட்கவில்லை. அம்மா அடுப்படியிலிருந்து அவன் பெயரைச் சொன்னாள். நான் கத்தினேன். காடு, மலேரியா, பாம்பு, யானை, சண்டை வந்தால் ஓட ஒரு தெரு இல்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். நான் மூச்சு வாங்கியபோது அம்மா சட்டியைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "அவன் செதுக்கின பிடியை வித்துச் சோறு தின்னலாம். அவனுக்கு மோளைக் குடுக்கத்தான் ஏலாது." என் வாயை அடைக்க இந்த முப்பது வருசத்தில் அவள் சொன்ன வார்த்தைகளில் அதுதான் திறம்.

அதற்குப் பிறகு கலியாணத்துக்கு அரைகுறையாகத் தலையாட்டினேன். ஆனால் மாப்பிள்ளையின் தாய் பாயில் கிடக்கிறா, கடல்நீரேரி கடந்து வர ஏலாது, ஆகையால் தாலி அங்கேதான் கட்ட வேண்டும் என்று மாமி வந்து சொன்னபோது பிடித்தேன் பாரு பிடிவாதம். பெண் வீட்டில்தான் தாலி ஏற வேண்டும், இது எங்கள் வழக்கம். "மோளை வள்ளத்திலை ஏத்திக் கொண்டுபோய்க் குடுக்க நான் யாவாரத்துக்கே போறன்?" என்று மாமியிடம் கேட்டேன். அவள் என் தங்கச்சி, பயப்படமாட்டாள். "அண்ணை, நீ சைக்கிளிலை பெட்டி கட்டி ஊர் ஊராய் வித்த ஆள். உனக்கு இப்பவோ வெக்கம் வந்தது?" என்றாள். மறுநாள் உன்னைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

இனி நேற்றைய கதைக்கு வருகிறேன். பழைய கத்தி ஒன்று பலகையில் வந்து விழுந்தால் நான் முதலில் விரித்துத்தான் பார்ப்பேன், அது யார் அனுப்பியதாக இருந்தாலும். பிடி கறுத்து, உன் பெருவிரல் படுகிற இடம் வழவழத்திருந்தது. வீட்டில் சும்மா கிடந்த கத்தி அல்ல, காலையிலிருந்து மாலைவரை வேலைசெய்த கத்தி. நீ அங்கே மாமி வீட்டில் விருந்து கொண்டாடவில்லை, மிளகாய்க் கன்றுக்குக் குச்சி சீவுகிறாய், கொடி வெட்டுகிறாய் என்று தெரிந்தது. அதுவரைக்கும் எனக்குச் சரி. உன் பிடிவாதம் என்னிடமிருந்து வந்தது, உழைப்பு அம்மாவிடமிருந்து.

பிறகு அலகை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தீட்டுகிற வேலை நான் உனக்குப் பழக்கியது. வலக்கையால் பிடித்துக் கல்லில் முன்னுக்குத் தள்ளுவாய், நன்றாகவே தீட்டுவாய். ஆனால் ஒரு குறை, எத்தனை தரம் தீட்டியும் மாறாதது. அலகின் அடியில், பிடியோடு ஒட்டிய அரை விரலளவு இடத்தை எப்போதும் விட்டுவிடுவாய். கடையில் நீ தீட்டிய கத்தியை நான் எடுத்து அந்த இடத்தைத் தீட்டுவேன், அப்படியே முழு அலகையும் இன்னொரு தரம் தீட்டிவிட்டுத்தான் வைப்பேன். நீ முகத்தைச் சுளிப்பாய். நேற்று அந்த அடி இடமும் கூராக இருந்தது. கல்லின் கீறல்கள் அங்கே மட்டும் மற்றப் பக்கம் சாய்ந்திருந்தன. இடக்கைக்காரன் தீட்டிய கீறல். உன் மாமா தீட்டியிருந்தால் கத்தி பிறை மாதிரித் தேய்ந்திருக்கும், அவருடைய கை இரும்பைத் தின்னுகிற கை. இது இரும்பைத் தின்னவில்லை. இதைவிட முக்கியமானது ஒன்று: நீ தீட்டிய இடத்தில் அவன் கல்லை வைக்கவேயில்லை. நீ விட்ட இடத்தை மட்டும் தீட்டிவிட்டு மடக்கி வைத்திருக்கிறான். உன் கீறல் முடிகிற இடத்தில் அவன் கீறல் தொடங்குகிறது.

நான் கதிரையில் இருந்துவிட்டேன். கடைக்கு வந்தவர்கள் என்ன கேட்டார்கள், என்ன கொடுத்தேன் என்று நினைவில்லை. முப்பது வருசம் கூட வாழ்ந்த உன் அம்மா வைத்த கறிக்கு நான் இன்னும் உப்பு அள்ளிப் போடுகிறேன், அது சரியாக இருந்தாலும். உனக்குப் பழக்கிய வேலையை உன் கையில் விட எனக்கு மனம் வரவில்லை. அவன் உன் வேலையைத் திருத்திக் காட்டவில்லை, நீ தீட்டியது போதாது என்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீ அடுத்த தரமே அந்த இடத்தைத் தீட்டியிருப்பாய், எனக்கு உன்னைத் தெரியும். சுவிசுப் படத்தை நான் எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தும் இப்படி ஒரு விசயம் அதில் தெரியவில்லை. அம்மாவிடம் காட்டினேன். அவள் கத்தியை வாங்கிப் பார்த்து, "எனக்கு உந்தக் கீறல் மீறல் ஒண்டும் தெரியேல்லை. உங்களுக்குத் தெரிஞ்சால் சரி" என்றாள். பிறகு சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். புகை என்றாள்.

புத்தி சொல்லாமல் தகப்பன் கடிதம் முடிக்கக் கூடாது, ஆகையால் சொல்லுகிறேன், கேட்டால் கேள். வில்லுக்கத்தி விரிக்கும்போது கையை வெட்டுவது குறைவு. மடக்கும்போதுதான் வெட்டும், ஏனென்றால் வேலை முடிந்துவிட்டது என்று ஆள் கவனத்தை விடுகிற நேரம் அது. சண்டை பிடிக்காத புருசன் பெண்சாதி இல்லை. பிடியுங்கள். ஆனால் முடிக்கிற இடத்தில் கவனமாக இருங்கள். கடைசிச் சொல் உன்னுடையதாக இருக்க வேண்டும் என்று நினைக்காதே, நான் அப்படி நினைத்துத்தான் மூன்று மாதம் உன்னோடு கதைக்காமல் இருந்தேன். உனக்கென்று ஒரு கத்தி எப்போதும் இருக்கட்டும், அவனுக்கு வேறு ஒன்று. ஒற்றுமை வேறு, ஒரு சாமானுக்கு இரண்டு பேர் அடிபடுவது வேறு. மிளகாயை ஒரே ஆளுக்கு விற்காதே. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி. கட்டிலில் வலை கட்டு. அவனுடைய தாயைப் பார்க்க வேண்டி வரும், பார், ஆனால் எல்லாவற்றையும் நீயே தலையில் போட்டுக்கொள்ளாதே. அவனும் செய்வான் என்று எனக்கு இப்போது ஒரு நம்பிக்கை இருக்கிறது.

ஆணி இறுக்கியாயிற்று. செல்லத்துரை பழையதைக் கழற்றிவிட்டு, இரண்டு பக்கமும் பித்தளை வளையம் வைத்துப் புதிதாக அடித்தான். அலகைத் தீட்டித் தரட்டோ என்று கேட்டான். கல்லை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கத்தி இந்தக் கடிதத்தோடு வரவில்லை என்று தேடாதே, அதை நான் கொண்டுவருகிறேன்.

ஓம், நான் வருகிறேன். இந்தச் சண்டை எப்போது முடியும் என்று எனக்குத் தெரியாது. இங்கே இருந்தாலும் அங்கே இருந்தாலும் தலைக்கு மேலே சத்தம் ஒன்றுதான். ஆனால் நிலம் கொத்துகிறவர்களும் கன்று நடுகிறவர்களும் கலியாணம் செய்கிறவர்களும் எப்படியோ இருந்துகொண்டுதான் இருப்பார்கள், அவர்களில் இரண்டு பேர் நீங்கள் என்று நினைக்க எனக்குச் சந்தோசமாக இருக்கிறது. செல்லத்துரை கடையில் இருப்பான். கலியாணச் சேலை அம்மா எடுத்து வைத்துவிட்டாள், நான் ஓம் சொல்ல முன்னமே எடுத்து வைத்திருந்தாள் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. கடல்நீரேரி கடக்கக் கிளாலியில் வள்ளத்துக்குச் சொல்லியிருக்கிறேன். ஆவணி பிறக்க முதல் வந்துவிடுவோம். மாமாவிடம் சொல்லு, பந்தலுக்கு வாழைக்குலை இங்கேயிருந்து கொண்டுவருகிறேன், அங்கே தேட வேண்டாம். தாரை வார்க்கிற வேலை என்னுடையது, அதற்கு அவர் ஆயத்தம் செய்ய வேண்டாம்.

அக்கரையில் வள்ளம் கரைக்கு முட்டாதாம். முழங்காலளவு தண்ணீரில் இறங்கி, சேற்றில் நடந்துதான் ஏற வேண்டும் என்கிறார்கள். நீ வராதே, கலியாணப் பெண் வெயிலில் வந்து நிற்கக் கூடாது. அவனை அனுப்பு. என்னை நான் பார்த்துக்கொள்ளுவேன். அம்மாவை மட்டும் கைபிடித்து இறக்கச் சொல்லு.

அப்பா